உங்களுக்குத் தெரியுமா? பொய்யென்று தெரிந்தும் நம்பும் உடம்பு!

ஓடாத கூட்டம்

திரையில் ரயில் பாய்ந்து வருவதைப் பார்த்துப் பாரிஸ் மக்கள் அலறியடித்து ஓடினார்கள் என்ற கதையைக் கேட்காதவர் இருக்க முடியாது. லூமியர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு முதன்முதலாகப் படம் காட்டியது 1895 டிசம்பர் 28 அன்று, கிராண்ட் கஃபேயில். அன்று ஓடிய பத்துப் படங்களில் அந்த ரயில் படமே கிடையாது. அது அடுத்த ஆண்டுதான் திரைக்கு வந்தது. மார்ட்டின் லோய்பெர்டிங்கர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் பழைய பதிவுகளைக் கிளறிப் பார்த்துவிட்டு, கூட்டம் ஓடியதற்கு நம்பத்தகுந்த சான்று எதுவும் இல்லை என்றார். அந்தக் காலத்து ஆட்களை ஏமாளிகளாக நினைத்துக்கொள்வதில் நமக்கு ஒரு சந்தோஷம். அவ்வளவுதான்.

பொம்மைக்கு ஷாக் கொடுத்தாலும் வியர்க்கும்

நாம் மட்டும் தப்பிவிட்டோமா? 2006-இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் மெல் ஸ்லேட்டர் குழு ஒரு பரிசோதனை செய்தது. கணினி வரைந்த ஒரு பெண் உருவம்; அதைப் பார்த்தாலே பொம்மை என்று தெரியும். சொற்களை நினைவில் வைத்துச் சொல்லும் தேர்வு அவளுக்கு. தப்பாகச் சொன்னால் எதிரே இருப்பவர் பொத்தானை அழுத்தி ஷாக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தப்புக்கும் வோல்டேஜ் கூடும். அவள் துடிப்பாள், 'வேண்டாம்' என்பாள்.

கலந்துகொண்ட 34 பேருக்கும் இது நிஜமில்லை என்று நன்றாகவே தெரியும். ஆனாலும் அவளை நேரில் பார்த்தபடி ஷாக் கொடுத்தவர்களுக்கு நெஞ்சு படபடத்தது, தோல் வியர்த்தது. சிலர் பாதியிலேயே கைவிட்டார்கள். எழுத்து வழியாக மட்டும் அவளோடு தொடர்பில் இருந்தவர்களிடம் இந்தப் பதற்றம் குறைவு. புத்திக்குத் தெரிந்த சேதி உடம்புக்குப் போய்ச் சேரவே இல்லை!

விளையாடியது ஞாபகமில்லை, கட்டை மட்டும் விழுகிறது

டெட்ரிஸ் ஆடிவிட்டுப் படுத்தால் கண்ணை மூடியதும் கட்டைகள் விழுவது பலருக்குத் தெரிந்த அனுபவம். ஹார்வர்டின் ராபர்ட் ஸ்டிக்கோல்ட் குழு 2000-இல் இதை ஆராய்ந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. மூளைப் பாதிப்பால் புதிய நினைவுகளே பதியாத சிலரையும் ஆட வைத்தார்கள். டெட்ரிஸ் ஆடியதே அவர்களுக்கு ஞாபகமில்லை. ஆனால் தூக்கம் வரும் நேரத்தில் அவர்களில் சிலரும் விழும் கட்டைகளைப் பார்த்தார்கள். அவை எங்கிருந்து வந்தன என்று மட்டும் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

கறுப்பு வெள்ளைக் கனவு

சின்ன வயதில் கறுப்பு வெள்ளை டிவி பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கனவும் கறுப்பு வெள்ளையில் வருவதுண்டு. கலர் டிவி காலத்துப் பிள்ளைகளுக்கு அப்படி வருவது அபூர்வம். ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் 2008-இல் வெளிவந்த ஆய்வு இது. வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

பனிப்பந்து வைத்தியம்

தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது உண்டாகும் வலி கொடுமையானது. அந்த நேரத்தில் நோயாளியை ஒரு பனிப் பள்ளத்தாக்குக்கு அனுப்பிவைத்தார் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹன்டர் ஹாஃப்மன். 'ஸ்னோவேர்ல்ட்' என்ற அந்த மெய்நிகர் விளையாட்டில், பனிமனிதர்கள் மீதும் பெங்குவின்கள் மீதும் பந்தெறிந்துகொண்டிருந்தவர்களுக்கு வலி குறைவாகத் தெரிந்தது. மூளையை ஸ்கேன் செய்தபோதும் வலிக்கான பகுதிகளின் பரபரப்பு தணிந்திருந்தது. ஏமாறுவதிலும் லாபம் உண்டு!

விளையாட்டுக்குள் ஒரு கொள்ளைநோய்

2005 செப்டம்பர். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில் ஹக்கார் என்ற அரக்கன் புதிதாக வந்தான். தன்னோடு சண்டைக்கு வருபவர் மீது ஒட்டிக்கொள்ளும் ரத்த நோயை அவன் ஏவுவான். நோய் அவனுடைய எல்லைக்குள்ளேயே நின்றுவிடும் என்பது வடிவமைப்பாளர்களின் கணக்கு. வளர்ப்பு விலங்குகளை அவர்கள் மறந்துவிட்டார்கள். நோயோடு மறைத்துவைக்கப்பட்ட விலங்கு, நகரத்துக்குள் திரும்ப அழைக்கப்பட்டதும் தொற்றைப் பரப்பியது. கடைக்காரப் பாத்திரங்கள் சாகாமலேயே நோயைச் சுமந்தன. வலு குறைந்த ஆட்டக்காரர்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள்.

சிலர் ஓடிவந்து வைத்தியம் பார்த்தார்கள். சிலர் ஊரைவிட்டு ஓடினார்கள். சிலரோ வேண்டுமென்றே கூட்டத்துக்குள் புகுந்து நோயைப் பரப்பினார்கள். தனிமைப்படுத்தும் ஏற்பாடு தோற்றது. கடைசியில் நிறுவனம் சர்வரையே பழைய நிலைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. எரிக் லாஃப்கிரென், நினா ஃபெஃபர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 2007-இல் இதைப் பற்றி மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரையே எழுதினார்கள். கொரோனா நேரத்தில் அதைப் பலரும் தேடிப் படித்ததில் வியப்பில்லை.

சீதைக்கும் ஓட்டு, ராவணனுக்கும் ஓட்டு

ராமானந்த் சாகரின் 'ராமாயண்' 1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் தொடங்கியது. ஞாயிறு காலையில் குளித்துவிட்டு, டிவிக்கு மாலை போட்டு, ஊதுபத்தி ஏற்றிய பிறகே தொடர் பார்த்த வீடுகள் வடக்கே ஏராளம். சீதையாக நடித்த தீபிகா சிக்லியா 1991-இல் பரோடாவிலிருந்து எம்.பி. ஆனார். ராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதியும் அதே தேர்தலில், அதே பா.ஜ.க. சார்பில் சபர்காந்தாவில் ஜெயித்தார். ராமராக நடித்த அருண் கோவில்தான் 2024 வரை காத்திருந்து மீரட்டில் ஜெயித்தார். (வனவாசம் அவருக்கு மட்டும் நீண்டுவிட்டது.)

நம்மூர் வில்லன் நடிகர் எம்.என்.நம்பியாரின் பாடு வேறு. திரையில் அவர் கையைப் பிசைந்தாலே தியேட்டரில் சாபம் விழும். நிஜத்தில் அவர் சைவம். குடி, புகை கிடையாது. சபரிமலைக்கு மாலை போடுபவர்கள் கொண்டாடிய குருசாமி.

கொஞ்சம் வெளியே இருங்கள்

எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் 1966-இல் வெளியிட்ட 'எலிசா' நிரல், நாம் சொன்னதையே திருப்பிப் போட்டுக் கேள்வியாகக் கேட்கும். அதை அவர் எழுதுவதை மாதக்கணக்கில் கூடவே இருந்து பார்த்தவர் அவருடைய செயலாளர். அந்தப் பெண்மணியே எலிசாவோடு பேச உட்கார்ந்த சற்று நேரத்தில், 'நீங்கள் கொஞ்சம் வெளியே இருக்கிறீர்களா' என்று வைசன்பாமைக் கேட்டாராம். பிற்காலத்தில் வைசன்பாம் கணினி மோகத்தைக் கடுமையாக விமர்சிப்பவராக மாறினார்.

சுத்தியல் சத்தம்

2024-இல் லூதியானாவின் பெரிய ஜவுளிக் குழுமத் தலைவர் ஒருவருக்கு வயது 82. 'சி.பி.ஐ.யிலிருந்து பேசுகிறோம்' என்று வீடியோ அழைப்பில் வந்தவர்கள், அந்த அழைப்பிலேயே கண்காணித்தபடி அவரை 'டிஜிட்டல் கைது' செய்தார்கள். பிறகு ஸ்கைப்பில் உச்ச நீதிமன்றமே கூடியது. தலைமை நீதிபதி என்று சொல்லப்பட்டவரின் முகம் தெரியவில்லை. பேச்சும் மேஜையில் சுத்தியல் தட்டும் சத்தமும் மட்டும் கேட்டன. முத்திரை குத்திய உத்தரவு வாட்ஸ்அப்பில் வந்தது. 7 கோடி ரூபாய் போயிற்று. அதில் ஐந்து கோடிக்கு மேல் போலீஸ் மீட்டது. டிஜிட்டல் கைது என்று நம் சட்டத்தில் எதுவும் கிடையாது. இன்னொன்றும் கிடையாது: நம் நாட்டு நீதிபதிகள் சுத்தியல் தட்டுவதில்லை. 'ஆர்டர், ஆர்டர்' என்று அதைத் தட்டிக்கொண்டிருப்பது சினிமா நீதிபதிகள் மட்டுமே.