பைஞ்ஞீலி வழித்துணை

சித்திரைச் சதயம் திருநாவுக்கரசு சுவாமிகளின் குருபூசை நாள். அதற்கு முந்திய அவிட்டத்தன்று திருப்பைஞ்ஞீலியில் அப்பருக்குக் கட்டமுது அளித்த விழா நிகழ்கிறது. மண்ணச்சநல்லூரை அடுத்த இத்தலத்தில் சோற்றுடைய ஈசுவரர் என்றே இறைவனுக்கு ஒரு சந்நிதியும் உண்டு. ஆதலின் விழாவுக்குச் செல்லும் நாம் சோற்றை நினைக்கிறோம். சோற்றுக்குப் பின் நிகழ்ந்த நடையை அவ்வளவாக நினைப்பதில்லை.

திருச்சிராப்பள்ளி, திருக்கற்குடி, திருப்பராய்த்துறை முதலிய தலங்களை வணங்கிய சுவாமிகள் காவிரியைக் கடந்து பைஞ்ஞீலி நோக்கி வருகிறார். இன்று காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் பாலங்கள் உண்டு. பேருந்தில் அரை உறக்கத்திலேயே இரண்டையும் கடந்துவிடுகிறோம். ஏழாம் நூற்றாண்டில் முதுமையுற்ற அடியார் ஒருவர் உழவாரம் ஏந்திக் கால்நடையாக வந்த வழி அது. இளைப்பு மிகுந்தது, பசியும் நீர் வேட்கையும் சேர்ந்து வருத்தின. ஆயினும் அவற்றுக்காக அவர் சித்தம் அலையவில்லை என்கிறார் சேக்கிழார் பெருமான். இதனை நாம் விரைந்து கடத்தல் ஆகாது. உடல் தளர்ந்தது உண்மை. ஆனால் அவர் சோறு வேண்டி நிற்கவில்லை.

வேண்டாதவர்க்கு முன்னே ஒரு சோலையும் குளமும் தோன்றின. திருநீறணிந்த அந்தணர் ஒருவர் பொதிசோற்றுடன் அங்கே காத்திருந்தார். வழிநடந்து இளைத்தீர், இதனை உண்டு நீர் பருகி இளைப்பாறிச் செல்லும் என்று அன்போடு அளித்தார். சுவாமிகளும் ஏற்று உண்டு இளைப்பு நீங்கினார்.

அருட்செயல் இவ்வளவில் நிறைவுற்றிருக்கலாம். குருகாவூர் வழியில் சுந்தரமூர்த்தி சுவாமிகளுக்கு அவ்வாறே நிறைவுற்றது. தண்ணீர்ப் பந்தர் அமைத்துப் பொதிசோறு அளித்த அந்தணர், சுந்தரரும் அடியார் கூட்டமும் உண்டு கண்ணயர்ந்த வேளையில் பந்தரோடு மறைந்தருளினார்.

இங்கோ அந்தணர் மறையவில்லை. எங்கே செல்கின்றீர் என்று வினவினார். சென்று சேரும் இடமாகவே இருப்பவன் இவ்வாறு வினவுகின்றான்! பைஞ்ஞீலிக்கு என்று விடை வந்தது. யானும் அங்கேதான் செல்கின்றேன் என்று எழுந்து உடன் நடந்தார். கயிலைக்கு உரியவன், ஒரு முதியவரின் நடைக்குத் தன் நடையை அளவாக்கிக்கொண்டு புழுதி வழியில் வருகிறான். அவ்வழியில் இருவரும் என்ன பேசினர் என்பதைச் சேக்கிழார் சொல்லவில்லை. நமக்கோ அதனைக் கேட்கத்தான் ஆசை.

பைஞ்ஞீலியை அணுகிய அளவில் உடன் வந்தவரைக் காணவில்லை. சுவாமிகள் நிலத்தில் விழுந்தார், எழுந்தார், கண்ணீர் மழை பொழிந்தார். சோறு பெற்ற நன்றியால் பெருகிய கண்ணீர் என்று சொற்பொழிவுகளில் கேட்டிருக்கிறோம். அதுவும் பொருந்தும். எனினும் சோறு கிடைத்தது குளக்கரையில். கண்ணீர் பெருகியதோ துணை மறைந்த இடத்தில். இவ்வளவு நேரம் அருகில் நடந்தவரை அறியாது நடந்தோமே என்னும் உருக்கமே அதில் மிகுதி என்று நமக்குத் தோன்றுகிறது.

பின்னர்த் திருக்கோயிலுட் சென்று வணங்கிப் பணி செய்து தங்கிய சுவாமிகள், வடக்கே திருவண்ணாமலை நோக்கிப் புறப்பட்டார். பைஞ்ஞீலி வழியினும் அது மிக நெடிய வழி. அவ்வழியில் அந்தணர் எவரும் உடன் வந்ததாகப் புராணம் கூறவில்லை.