பழக்கம் படிய 21 நாள் போதுமா?

“21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும்” என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதை நம்பிக் காலை நடையைத் தொடங்கியவர், 22ஆம் நாளும் எழுவதற்குச் சிரமப்பட்டால் தமக்கு மனவுறுதி இல்லை என்று விட்டுவிடுகிறார். கோளாறு அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

கணக்கு எப்படி வந்தது?

அமெரிக்க பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை மருத்துவர் மேக்ஸ்வெல் மால்ட்ஸ், 1960இல் வெளியிட்ட நூலில் ஒரு தகவலைக் குறிப்பிட்டார். முக அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புதிய முகம் பழக, குறைந்தது ஏறக்குறைய 21 நாள் ஆகிறது என்பதே அது. நாளடைவில் ‘குறைந்தது’ என்ற சொல் மறைந்து, எண் மட்டும் நிலைத்துவிட்டது.

ஆய்வு சொல்வது என்ன?

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர் ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை 12 வாரம் ஆராய்ந்து, 2009இல் முடிவுகளை வெளியிட்டனர். பங்கேற்றவர்கள் உணவு, பானம், உடற்பயிற்சி தொடர்பான ஏதாவது ஒரு செயலைத் தேர்ந்தெடுத்து, அன்றாடம் ஒரே வேளையில் செய்தனர். எந்த அளவுக்கு யோசிக்காமலேயே அதைச் செய்ய முடிகிறது என்பதையும் பதிவு செய்தனர்.

தெளிவான தரவு கிடைத்தவர்களில், செயல் தானாக நடக்கும் நிலையை எட்ட 18 முதல் 254 நாள் வரை தேவைப்படும் எனக் கணக்கிடப்பட்டது. நடுமதிப்பு 66 நாள். தண்ணீர் குடிப்பது போன்ற எளிய செயல்கள் சீக்கிரம் படிந்தன. உடற்பயிற்சிக்குக் கூடுதல் காலம் பிடித்தது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை.

ஏன் ஒரே வேளை?

ஒரு செயலை ஒரே சூழலில் திரும்பத் திரும்பச் செய்யும்போது, மூளையின் உட்பகுதியில் உள்ள ‘பேசல் கேங்கிலியா’ எனும் நரம்பணுத் தொகுதி இரண்டையும் இணைத்துக்கொள்கிறது. பிறகு அந்தச் சூழலே செயலைத் தூண்டிவிடும். காலணிக் கயிறு கட்டும்போது நாம் யோசிப்பதில்லையே!

எனவே, புதிய பழக்கத்தை ஏற்கெனவே உள்ள ஒன்றோடு இணையுங்கள். இரவு உணவு முடிந்ததும் புளோக்கைச் சுற்றி 10 நிமிடம் நடக்கலாம். மழையால் ஒரு நாள் விட்டுப்போனால், முதல் நாளிலிருந்து எண்ணத் தேவையில்லை. மறுநாள் வழக்கம்போல் நடங்கள்.