மாணவர் கைப்பொருளில் நடக்கும் லக்றோஸ்

வலை கட்டிய கோலாற் பந்தை ஏந்தி எறிந்தாடும் லக்றோஸ், வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் தந்த விளையாட்டு. ஐக்கிய அமெரிக்காவின் மேற்குப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அது மாணவர் கழக ஆட்டமாகவே உள்ளது. பிரயாணச் செலவு முதலியவற்றை ஆடுவோரே சந்தா கட்டித் தாங்குகின்றனர். தனித்து நின்றால் எதிரணி தேடுவதிலேயே பருவம் கழிந்துவிடும். ஆதலின் வட்டாரந்தோறும் அணிகள் கூடிக் ‘கொன்பறன்ஸ்’ அமைத்தன. பெயர் கேட்டு நாம் அதனை மேடைப்பேச்சு மாநாடென மயங்கலாகாது! ஆட்ட அட்டவணையும் வட்டார இறுதியாட்டமும் அதன் பொறுப்பு.

2011 முதல் 2014 வரை நான்காண்டும் கழக அணிகளின் தேசிய வாகையைச் சூடியவை றொக்கி மலை வட்டார அணிகளே. அங்கு வளர்ந்த யூற்றா அணியோ, 2019இல் பல்கலைக்கழக ஆதரவுடன் முதற்பிரிவுக்கு ஏறிற்று. அவ்வேற்றத்தை வாழ்த்துகிறோம், எனினும், எஞ்சிய அணிகள் வலிய எதிரணியொன்றை இழந்தமையையும் எண்ணிப் பார்க்கிறோம்.