திராட்சைக்கும் தாய் தகப்பன் உண்டு

மருந்து டாங்கியை முதுகில் சுமந்து மலை ஏறுகிறவருக்குத்தான் அதன் பாரம் தெரியும். மழைக்காலத்தில் தேயிலையில் கொப்புள நோய் வராமலிருக்க எமது தோட்டங்களில் செம்பு மருந்து அடிக்கிறார்கள். ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களிலும் நூறு வருசத்துக்கு மேலாக இதே செம்பு மருந்துதான். அந்தப் பாரத்தைக் குறைக்க அங்கே புதிய திராட்சை இனங்களை உண்டாக்கியிருக்கிறார்கள். அதைப் பற்றித்தான் இம்முறை சொல்ல வருகிறோம். வைன் குடிக்கச் சொல்கிறோம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்!

நோய் வந்த வழி

ஐரோப்பியத் திராட்சை நல்ல ருசி. ஆனால் நோய் தாங்காது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கொடிகளோடு நோய்களும் வந்து சேர்ந்தன. 1878இல் பிரான்சில் அடிச்சாம்பல் நோய் காணப்பட்டது. இலையின் அடிப்பக்கத்தில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்து இலை காய்ந்து கொட்டிவிடும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்தால் நோய் அடங்கும் என்று 1885இல் பேராசிரியர் மில்லார்டே எடுத்துக்காட்டினார். அன்று தொடங்கிய மருந்தடிப்பு இன்னும் நிற்கவில்லை.

அமெரிக்கக் காட்டுக் கொடிகள் இந்த நோயைத் தாங்கும். ஆனால் பழத்தின் ருசி ஐரோப்பியருக்குப் பிடிக்கவில்லை. அப்படியானால் இரண்டையும் சேர்த்தால் என்ன?

சேர்ப்பது எப்படி?

தாய்க் கொடியின் பூ விரிய முன்னரே அதன் மகரந்தப் பைகளை நீக்கிவிடுவார்கள். பிறகு தகப்பன் கொடியின் மகரந்தத்தைத் தூவி, பையால் மூடிவிடுவார்கள். காய்க்கும் பழத்தின் விதைகளை முளைக்க வைப்பார்கள். ஒரு வீட்டுப் பிள்ளைகள் ஒரே மாதிரி இருப்பதில்லை அல்லவா? அதுபோல ஒவ்வொரு நாற்றும் ஒரு விதம். நோயும் தாங்க வேண்டும், ருசியும் வேண்டும். அப்படிப்பட்டதை மட்டும் பொறுக்கி எடுத்து, எமது வீ.பீ. தேயிலையைப் போலத் தண்டு வெட்டிப் பெருக்குவார்கள்.

ஒரு குடும்பத்தின் கதை

1967இல் ஜெர்மனியின் கைல்வைலர்ஹோப் ஆராய்ச்சி நிலையத்தில் 'ரீஜென்ட்' என்ற இனம் பிறந்தது. தாய் 'டயானா', ஐரோப்பிய வம்சம். தகப்பன் 'ஷாம்பூர்சின்', அமெரிக்கக் கொடியின் இரத்தம் கலந்த பிரெஞ்சு இனம். தாயிடமிருந்து ருசியும் தகப்பனிடமிருந்து நோயைத் தாங்கும் குணமும் சேர்ந்து வந்தன. ஆனாலும் சோதித்துப் பார்த்துப் பொதுப் பயிராக அனுமதிக்க 1996 ஆகிவிட்டது. 29 வருசம்!

ஒரே ஒரு காவல் இருந்தால் பூஞ்சை நாளடைவில் அதை மீறிவிடலாம். ஆகவே பிரெஞ்சு விஞ்ஞானிகள் ரீஜென்ட்டை இன்னொரு அமெரிக்க வம்சக் கொடியோடு சேர்த்தார்கள். 'அர்த்தபான்', 'விடோக்' ஆகிய பிள்ளைகள் பிறந்தன. இவற்றுக்கு இரட்டைக் காவல். 2018இல் இவை பிரான்சில் பதிவாகின.

மருந்தடிப்பு முற்றாக நின்றுவிடவில்லை. ஆனால் வெகுவாகக் குறைகிறது. குறைகிற ஒவ்வொரு தடவையும் ஒரு தொழிலாளியின் மூச்சுக்கும் தோலுக்கும் கிடைக்கிற ஆறுதல்தான்.

ஆகவே தோட்டத்தில் மறு நடுகை நடக்கும்போது, "இது எந்த இனம்? நோய் தாங்குமா?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. அதுவரை மருந்தடிக்கப் போகிறவர்கள் கையுறையும் முகமூடியும் இல்லாமல் டாங்கியைத் தூக்காதீர்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளித்து, உடுப்பை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள்.