கிறீச்சிடும் பிரேக் என்ன சொல்கிறது?

வியாழக்கிழமைகளில் பெங்களூரு விவேக் நகரின் குழந்தை இயேசு ஆலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் கார்கள் நடைவேகத்தில்தான் நகரும். அடிக்கொரு முறை பிரேக்கை மிதிக்க வேண்டியிருக்கும். பிரேக் கிறீச்சிடுவதும் பெரும்பாலும் இத்தகைய மெதுவான ஓட்டத்தில், இலேசாக மிதிக்கும்போதுதான். சக்கரத்தோடு சுழலும் இரும்பு வட்டை இருபுறமும் பேடுகள் கவ்வுகின்றன. அவை சீராகப் பற்றாமல், பற்றுவதும் நழுவுவதுமாக விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதிர்கையில் வட்டு மணியைப் போல ஒலிக்கிறது.

இத்தொல்லை டிஸ்க் பிரேக்குடன் கூடவே பிறந்தது. 1902இல் அதற்குக் காப்புரிமை பெற்ற இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லாஞ்செஸ்டர் செம்பாலான பேடுகளைப் பயன்படுத்தினார். உலோகம் உலோகத்தோடு உரசிய ஓசை சகிக்க முடியாததாக இருந்தது. ஹெர்பர்ட் ஃப்ரூட் கல்நாரைக் கொண்டுவந்த பின்னரே அது தணிந்தது. அந்தக் கல்நார் நுரையீரலுக்குக் கேடு என்று பின்னர் தெரியவந்தது வேறு கதை.

எல்லாக் கிறீச்சொலியும் செலவுக்கு அறிகுறி அன்று. இரவு மழை பெய்திருந்தால் காலையில் வட்டில் மெல்லிய துரு படிந்திருக்கும். நாலைந்து முறை பிரேக் பிடித்ததும் துருவும் ஒலியும் மறைந்துவிடும். நாள் முழுதும் ஓயாத ஒலியே கவனிக்கத் தக்கது. பல பேடுகளில் ஒரு சிறு எஃகுத் தகடு உண்டு. புதிதில் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் தடிப்புள்ள உராய்வுப் பொருள் 2 அல்லது 3 மில்லிமீட்டராகத் தேய்ந்ததும், அத்தகடு வட்டைத் தொட்டு ஒலியெழுப்பும். உரிமையாளரை எச்சரிப்பதற்கென்றே அமைக்கப்பட்ட ஒலி அது. அதையும் பொருட்படுத்தாவிடில் அடுத்து வருவது கரகரவென்ற அரைப்பொலி. பேடின் பின்தகடு வட்டையே அரைக்கிறது என்பது அதன் பொருள். கார் நிற்க எடுக்கும் தொலைவு கூடும். பேடோடு முடிந்திருக்க வேண்டிய செலவில் வட்டும் சேர்ந்துகொள்ளும். வழக்கமான வாகனக் காப்பீடு இத்தேய்மானத்துக்கு இழப்பீடு தருவதில்லை.

புதுப் பேடு போட்ட சில நாட்களிலேயே ஒலித்தால், பொருத்திய முறையை முதலில் ஐயுறலாம். காலிப்பர் நகரும் ஊசிகளுக்கு வெப்பம் தாங்கும் கிரீஸ் இட்டிருக்க வேண்டும். அதிர்வைத் தணிக்கும் மெல்லிய தகடுகளும் கிளிப்புகளும் விடுபடக் கூடாது. சத்தத்தை அடக்க வட்டின்மேல் எண்ணெய் தெளிப்போரும் உண்டு. இதனினும் ஆபத்தான சிக்கனம் வேறில்லை. எண்ணெய் பட்ட பிரேக் பிடிக்காது. பின்சக்கரங்களில் டிரம் பிரேக் உள்ள சிறு கார்களில், சேரும் தூசியை ஒவ்வொரு சர்வீசிலும் துடைக்கச் சொல்லலாம். ஏற்காடு போன்ற மலைப்பாதையில் குறைந்த கியரில் இறங்கினால், பேடுகள் சூடேறிக் கண்ணாடிபோல் வழுவழுப்பாவதைத் தவிர்க்கலாம்.

மெக்கானிக்கிடம் 'சத்தம் வருகிறது' என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தச் சக்கரத்தில், காலையிலா, பின்னோக்கி எடுக்கையிலா என்று குறித்துச் சொன்னால் அவர் வேலை பாதியாகும். கழற்றிய பழைய பேடுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரே சக்கரத்தின் இரு பேடுகளில் ஒன்று மட்டும் மிகுதியாகத் தேய்ந்திருந்தால் காலிப்பர் இறுகியிருக்கக்கூடும். அதைச் சரிபார்க்காமல் வண்டியை எடுத்துவர வேண்டாம்.