நூடுல்ஸை விற்றால் போதுமா? கிளறவும் தெரிய வேண்டும்

கல்வராயன் மலைச் சாமையைப் பற்றி நம் கள்ளக்குறிச்சி வியாபாரிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கத்து மலைவாழ் மக்கள் சாமை, தினை, கடுக்காய் கொண்டுவந்து விற்று, உப்பும் எண்ணெயும் வாங்கிப் போவது தலைமுறைப் பழக்கம். அந்தச் சாமை இப்போது நூடுல்ஸாகவும் கடைக்கு வருகிறது. அதில் நாம் பட்ட அனுபவத்தைச் சக வியாபாரிகளுக்குச் சொல்லவே இந்தக் கட்டுரை.

2023ஆம் ஆண்டை ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அந்த வேகத்தில் நாமும் 20 பெட்டி சாமை நூடுல்ஸ் இறக்கினோம். முதல் வாரம் 6 பெட்டி போயிற்று. அடுத்த வாரமே சில்லறைக் கடைக்காரர்கள், "ஐயா, கூழாப் போவுதாம், ஜனங்க திட்டுறாங்க" என்று வந்து நின்றார்கள். கம்பெனியோ சரக்கைத் திருப்பி எடுக்க மறுத்துவிட்டது. காலாவதிக்கு மூன்றே மாதம். 14 பெட்டி கண்ணெதிரே கிடந்தது.

ஒரு பாக்கெட்டை வீட்டுக்கு எடுத்துப் போனோம். வீட்டம்மா தண்ணீர், மசாலா, நூடுல்ஸ் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவிட்டார். கூழேதான்! 1983இல் மேகி வந்தது முதல் நம் ஜனங்களுக்கு இரண்டு நிமிடப் பழக்கம். ஆனால் அந்த வகை ஏற்கெனவே வேகவைத்து எண்ணெயில் பொரித்தது. கோதுமையில் உள்ள பசைத்தன்மை அதை இழுத்துப் பிடிக்கும். சாமையில் அந்தப் பசை கிடையாது. கொஞ்சம் அதிகம் வெந்தாலும் குழைந்துவிடும்.

மறுநாள், "இடியாப்பம் தாளிக்கிற மாதிரி செய்து பார்க்கிறேன்" என்றார். 200 கிராம் நூடுல்ஸுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் தளதளவெனக் கொதித்த பிறகு உப்பும் ஒரு கரண்டி எண்ணெயும் விட்டு, நூடுல்ஸைப் போட்டார். நடுவில் சற்று விறைப்பு இருக்கும்போதே, நான்கு நிமிடத்தில் வடித்துவிட்டார். உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றி அலசி, தட்டில் பரப்பி நன்றாக ஆறவிட்டார். இந்த ஆறவிடுவதுதான் முக்கியம், அவசரப்பட்டால் ஒட்டிக்கொள்ளும். பிறகு இரும்புச் சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் சோம்பு, பட்டை, கிராம்பு, இஞ்சி பூண்டு, வெங்காயம், பச்சை மிளகாய் வதக்கி, கேரட், கோஸ், பீன்ஸ் சேர்த்தார். காய் நறுக்கென்று இருக்கும்போதே மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள். கடைசியில் நூடுல்ஸைக் கொட்டி, கரண்டியால் குத்தாமல், பெரிய தீயில் இரண்டு நிமிடம் புரட்டி, மிளகுத்தூள் தூவி இறக்கினார். உதிரி உதிரியாக வந்தது. பேரப்பிள்ளைகள் சட்டியைக் காலி செய்துவிட்டார்கள்.

இந்தச் செய்முறையை அப்படியே துண்டுச் சீட்டில் அச்சடித்துப் பாக்கெட்டோடு கொடுத்தோம். வாங்க வந்தவர்கள் கூடவே சோம்பு, பட்டை, மிளகு கேட்டு வாங்கினார்கள். பாக்கெட்டில் கிடைத்த லாபத்தைவிட இந்தச் சில்லறைச் சாமானில் கிடைத்தது அதிகம் என்றே தோன்றுகிறது.

இன்னொன்று. சாமை என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டிருந்தாலும், பின்பக்கத்தைப் படியுங்கள். எது அதிகமோ அதை முதலில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். முதலில் மைதாவோ கோதுமையோ இருந்தால் வாடிக்கையாளரிடம் மறைக்காதீர்கள். சர்க்கரை நோயாளிகள் நம்பி வாங்குகிறார்கள். நூடுல்ஸுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12இலிருந்து 5 சதவீதமாகிவிட்டது. பில் இயந்திரத்தில் பழைய விகிதம் கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

14 பெட்டியில் 11 விற்றது. மீதி 3 பெட்டிக்குத் தேதி முடிந்துவிட்டது; குழி தோண்டிப் புதைத்து, நஷ்டத்தை நம் கணக்கிலேயே எழுதிக்கொண்டோம். இப்போதெல்லாம் ஒரு தடவைக்கு 5 பெட்டிக்கு மேல் இறக்குவதில்லை.