கடல் கடந்த குடும்பங்களின் போர்க்கதை

உலகப் போரைப் பற்றிய பெருநாவல் என்றதும் நம் நினைவு ரஷ்யாவுக்கோ பிரான்சுக்கோ பறந்துவிடுகிறது. நம் ராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும் அதன் அருகிலுள்ள திருவண்ணாமலையும் சேர்ந்திருந்த பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில், சிங்கம்புணரியில் 1920-இல் பிறந்த ப. சிங்காரம் அவர்கள் தமிழிலேயே அத்தகையதொன்றைப் படைத்தளித்தார். ‘புயலிலே ஒரு தோணி’ என்பது அதன் பெயர், 1972-இல் அச்சேறியது.

வட்டிக்கடைகளில் வேலை பார்க்கப் பிள்ளைகளை மலேயாவுக்கும் சுமத்திராவுக்கும் அனுப்பிவைத்த குடும்பங்கள் அன்று பல. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை மேடான் நகரில் நுழைந்தது. கடிதம் நின்றது, பணம் நின்றது. மகன் உயிரோடிருக்கிறானா என்பது தாய்க்குத் தெரியாது. தாய் இருக்கிறாளா என்பது மகனுக்குத் தெரியாது. கதைத் தலைவன் பாண்டியன் நேதாஜியின் படையில் சேர்கிறான். அவன் மனமோ மதுரைத் தெருக்களிலேயே சுற்றுகிறது.

ஆசிரியரும் மேடானில் வேலை பார்த்தவரே. மனைவியையும் முதற்குழந்தையையும் பேறுகாலத்தில் அங்கேயே இழந்தார். பின்பு மதுரையில் ‘தினத்தந்தி’யில் பணியாற்றி, மறுமணமின்றித் தனியராய் வாழ்ந்து, 1997-இல் மறைந்தார்.

குடியும் பரத்தையர் வீதியும் ஒளிவின்றி வருவதால் இதனைச் சிறுவர் கையில் கொடுப்பதற்கில்லை. பெற்றோர் அவசியம் படிக்கலாம். போர் முடிந்தும் பாண்டியன் ஊர் வந்து சேரவில்லை. இந்தோனேசிய விடுதலைப் போரில் கலந்து, தாயகம் திரும்ப எண்ணியிருந்த வேளையில் சுடப்பட்டு மடிகிறான்.